ஜகார்த்தா தங்கமும் நமது மைதானமும்

உலகக் கோப்பைக் காலம் வந்துவிட்டால் புதுவைத் தெருக்களில் பிரான்ஸ், பிரேசில், அர்ஜென்டினா கொடிகள் பறக்கின்றன. கோரிமேட்டு இளைஞர்களும் இதற்கு விலக்கல்ல. ரசிப்பதில் தவறில்லை. ஆனால் நம் தேசத்து அணியும் ஒரு காலத்தில் ஆசியாவின் முடிசூடிய அணியாக விளங்கியதை இவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா சந்தித்த அணி பிரான்ஸ். அன்று புதுவை பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது! நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 எனத் தோற்றோம்.

1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் பெற்றோம். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 எனப் பேரடி வாங்கினோம். அத்தோடு ஓய்ந்தோமா? இல்லை! வெறுங்கால் ஆட்டத்துக்கு விடை கொடுத்து, பூட்ஸ் அணிந்து பயின்றோம். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தோம்.

1962 ஆகஸ்ட் 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. பத்தொன்பதே நாளில், செப்டம்பர் 4இல், ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று மீண்டும் தங்கம்! அரங்கமே எதிராகக் கூச்சலிட, தலைக் காயத்தோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல்; பி.கே. பானர்ஜி ஒரு கோல். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். கேப்டன் சுனி கோஸ்வாமி. இவர்களை ஓரணியாகக் கோத்தவர் ஹைதராபாத் ஆசிரியர் மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம். அவர் பார்த்தது திறமையை மட்டுமே. சாதி, மதம், மாநிலத்தை அல்ல. மறு ஆண்டு ஜூனில் அவர் புற்றுநோயால் வஃபாத்தானார்.

1970 பாங்காக்கில் நயீமுத்தீன் தலைமையில் வெண்கலம். அதற்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குப் பதக்கமே இல்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை.

சம்மேளனத்தையும் அரசையும் கேள்வி கேட்போம். கேட்டே ஆக வேண்டும். ஆனால் தேசிய அணி வானத்திலிருந்து குதிப்பதில்லை. தெரு மைதானத்தில்தான் அது முளைக்கிறது. வணிகப் பெருமக்களே! பேனருக்கும் கட்-அவுட்டுக்கும் தரும் நன்கொடையில் ஒரு பங்கைப் பந்துக்கும் பூட்ஸுக்கும், நல்ல பயிற்சியாளரின் சம்பளத்துக்கும் தாருங்கள். இளைஞர்களே! கொடி கட்டும் கைகள் மைதானத்தைச் சீர்படுத்தட்டும். 1-10 என்ற தோல்வியிலிருந்து நான்காம் இடத்துக்கு உயர நம்மவர்களுக்கு நான்கே ஆண்டுகள் போதுமாயிருந்தன. உழைத்தால் இன்றும் முடியும்!