கீரைக் கட்டும் வர்த்தமானி அறிவித்தலும்

வல்லாரை இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தெடுக்கும் சம்பலைத் திருகோணமலையில் அறியாத வீடு இல்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேற்றுமை அதற்கில்லை. பொன்னாங்காணிக்கும் இதுவே முறை. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிலே வெளிநாட்டுப் பயணிகளுக்குச் ‘சலாது’ எனப் பரிமாறப்படுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அடுப்பேறாத உணவு இஃது. இலையின் மேல் தெளித்த மருந்து எஞ்சியிருக்குமாயின், கழுவும் நீரைத் தவிர வேறு காவல் இல்லை. இலைக்குள் ஊடுருவியதை அந்நீரும் தொடாது.

ஆகவே, நஞ்சு தெளிக்காத கீரை வேண்டும் என்று ஒரு தாய் கேட்பாளாயின், அதனை வசதி படைத்தோரின் மோகம் என்று எள்ளி நகையாட நாம் உடன்படோம். நமது மாவட்டத்தின் பதவி சிறிபுரவிலே சிறுநீரக நோய் உழவர் குடும்பங்களை வாட்டி வந்திருக்கின்றது. அதன் காரணம் இன்னதென்று அறிவியலாளர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வேளாண் இரசாயனங்களின் மேல் மக்கள் கொண்ட ஐயம் மட்டும் நீங்கவில்லை. அத்தாயின் கோரிக்கை நியாயமானது. அந்த நியாயத்துக்கு 2021 ஆம் ஆண்டில் நேர்ந்த கதி யாது?

பத்தாண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று 2019 இல் வாக்குறுதி அளித்து ஆட்சிபீடம் ஏறியவர் கோட்டாபய ராஜபக்ச. பத்தாண்டு ஒரே நாளாய்ச் சுருங்கிற்று. 2021 மே 6 ஆம் திகதி வர்த்தமானி வழியே இரசாயனப் பசளைக்கும் பீடைகொல்லிகளுக்கும் இறக்குமதித் தடை வந்தது. எந்தச் சட்டத்தின் கீழ்? உணவுச் சட்டமா? பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டமா? இரண்டும் 1980 இலேயே இயற்றப்பட்டவை. இரண்டும் அல்ல, 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம்! அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த வேளையிலே கையிலெடுத்த ஆயுதம் எதுவென்று பார்த்தால், நோக்கத்தில் பாதியேனும் சட்டம் படியாதவருக்கும் விளங்கும்.

ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவிலும் அது நூற்றுக்கு இரண்டு பங்கை ஒட்டியதே. ஆக, ஒரு மூட்டைக்கு ஈடாக ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதனை மக்க வைக்க மாதங்கள் வேண்டும்; மாடு வேண்டும், குழை வேண்டும், சுமக்க வண்டியும் கூலியும் வேண்டும். பெரும்போகத்துக்கு எஞ்சியிருந்ததோ ஐந்து மாதம். தம்பலகாமத்து வயலுக்கும் கந்தளாய் வயலுக்கும் இத்தனை எரு எங்கிருந்து வரும்? சீனாவிலிருந்து தருவித்த சேதனப் பசளையிலே தீய நுண்ணுயிர் உண்டென்று கூறி அதனை இறக்க மறுத்தனர். இறக்காத அந்தப் பசளைக்கும் 2022 ஜனவரியில் அறுபது இலட்சம் டொலருக்கு மேல் கொடுக்க நேர்ந்தது!

வடக்கின் உழவருக்கு இஃது புதியதன்று. யூரியா வெடிமருந்துக்கு உதவும் என்று கூறி 1990 களிலே அதனை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பத் தடை விதித்தனர். அன்று பாதுகாப்பின் பெயரால்; 2021 இலே உடல்நலத்தின் பெயரால். இரு முறையும் உழவனைக் கேட்டார் இல்லை. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் விவசாயத்தை மாகாண சபைகளுக்குரிய விடயங்களுள் வைத்திருக்கின்றது. கிழக்கு மாகாண சபையின் காலமோ 2017 செப்டெம்பரில் முடிந்துவிட்டது. தடை வந்த நாளில், எங்கள் மண்ணுக்கு இது பொருந்தாது என்று எழுந்து கூறுவதற்கு அச்சபையிலே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்தானும் இருக்கவில்லை.

2021 நவம்பரில் தடை நீங்கிற்று. மறு ஜனவரியில் நெல் உழவருக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஜனாதிபதியின் தமையனார் பிரதமர் பதவியைத் துறந்து, நமது துறைமுகத்துக் கடற்படைத் தளத்திலேயே தஞ்சம் புகுந்தார். வல்லாரைச் சம்பல் அங்கும் கிடைத்திருக்கும். ஈடு செய்யப்படாத நட்டம் ஒன்று உண்டு. ‘சேதனம்’ என்ற சொல்லே உழவர் செவிக்குக் கசந்து போயிற்று. இன்று அதனை எடுத்துக்கொண்டு வயலுக்குச் செல்பவர் முதலில் வசையைக் கேட்டுவிட்டே பேசத் தொடங்க வேண்டும்.

ஏற்றுமதிப் பொருள்களின் சேதனச் சான்றை மேற்பார்வை செய்ய ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கீழ் ஓர் அலகே இருக்கின்றது. அந்நியர் உண்ணும் தட்டுக்கு அத்துணைக் கவனம்! நமது சந்தைக் கீரைக் கட்டுக்கு? கீரை மீண்டும் மீண்டும் அறுக்கப்படும் பயிர். தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே அறுவடை என்று மருந்துப் போத்தலில் எழுதியிருக்கும். வாங்குபவர் போத்தலைக் காண்பதில்லை. இலையைக் கண்ணால் நோக்கிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் எதனையும் அறிய இயலாது.

எனவே நாம் கேட்பது தடையன்று. சேதன முறைக்கு மாற விரும்பும் கீரைத் தோட்டக்காரருக்கு உள்ளூராட்சிச் சபைகள் சந்தைக் கழிவைக் கூட்டெருவாக்கிக் கொடுக்கட்டும்; மகசூல் குறையும் முதற் போகங்களுக்கு அரசு ஈடு வழங்கட்டும். சேதனக் கீரை என்று கூடுதல் விலை கேட்பவர் சான்று காட்டட்டும். அச்சான்று ஏழைத் தோட்டக்காரருக்கும் எட்டும் கட்டணத்தில் கிடைக்கட்டும். ஏனைய கீரையையும் மாதம் ஒரு முறை மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவைச் சந்தை வாயிலிலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுக.