முஸத்தி லாலும் புவனும், நடுவுல நானும்

டெல்லிக்கு நான் மூட்டை கட்டிக்கிட்டு வந்தது 2000-ல. தெரிஞ்ச ஹிந்தி மொத்தம் பத்து வார்த்தை, அதுல நாலு எண்கள். மிச்ச ஹிந்தியைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பங்கஜ் கபூர்தான். ஆமாங்க, 2001-ல சப் டிவியில ஆரம்பிச்ச 'ஆபீஸ் ஆபீஸ்'. (கொசுவத்தி சுத்தறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க!)

பாக்காதவங்களுக்காக: முஸத்தி லால்னு ஒரு அப்பாவி. வாரம் ஒரு ஆபீஸுக்குப் போவார். ஆபீஸ் மாறும், உள்ள இருக்கற மூஞ்சிங்க மட்டும் மாறவே மாறாது. எப்பவும் தின்னுக்கிட்டே இருக்கற பாட்டியா, எதைக் கேட்டாலும் "ரெண்டு விஷயம் நடக்கலாம்"னு ஆரம்பிக்கற படேல், "வஹி தோ" உஷாஜி. எங்க போனாலும் இதே கும்பல்தான்ங்கறதை ஒரு வசனம்கூட இல்லாம சொல்லிட்டாங்க பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். மொழி புரியாட்டியும் பங்கஜ் கபூர் மூஞ்சி போதும். நம்ம தாலுகா ஆபீஸ் வாசல்ல பாத்த அதே மூஞ்சி.

போன மாசம் என் பையனை உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சான். நடுவுல கேட்டான்: "ஏம்பா, இந்த அங்கிள் பேசாம காசைக் குடுத்துட்டுப் போகலாம்ல? லூஸா இவரு?"

எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. தங்கமணி என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பார்வைக்கு அர்த்தம் உண்டு.

இவன் பொறந்தப்ப பர்த் சர்டிபிகேட்ல பேரைத் தப்பா போட்டுட்டாங்க. நம்மகிட்ட ஏது சர்நேம்? என் பேரை அவன் பேருக்குப் பின்னாடி ஒட்டி, அதுலயும் ரெண்டு எழுத்தைக் காணோம். மூணு தடவை லீவு போட்டு நடந்தேன். நாலாவது தடவை 300 ரூபாய் நீட்டினேன். பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. அந்தக் கதையை வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் என் சாமர்த்தியமா நானே சொல்லியிருக்கேன். பையன் கேட்டுக்கிட்டேதானே வளர்ந்தான்!

மறுநாள் 'லகான்' போட்டேன். அசுதோஷ் கோவாரிக்கர் படம், அதுவும் 2001. கதை நடக்கறது 1893-ல. மழை இல்லாத ஊர், தலைக்கு மேல வரி. கிரிக்கெட்ல ஜெயிச்சா மூணு வருஷம் வரி கிடையாது, தோத்தா மூணு மடங்குன்னு பந்தயம் வைக்கிறான் கேப்டன் ரஸ்ஸல். எல்லாரும் ஆமிர்கானோட கடைசி சிக்ஸரைச் சொல்வாங்க, நம்ம ரஹ்மானைச் சொல்வாங்க. எனக்குப் பிடிச்சது அது இல்லீங்க. கொல்லர், கோழி வளர்க்கறவர், குறி சொல்றவர், ஒரு சர்தார்னு புவன் ஒவ்வொருத்தரா ஆள் சேர்க்கறான் பாருங்க, அது. கச்ராவைத் தொடமாட்டோம்னு சொந்த டீமே முறைச்சுக்கிட்டு நிக்கறப்ப, வெள்ளைக்காரனை விட்டுட்டு அவங்களோட சண்டை போடறான் பாருங்க, அது. அந்தக் கச்ரா பந்து போடலேன்னா மேட்ச் ஏது?

ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பாத்தப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. முஸத்தி லால் நல்லவர், ஆனா தனி ஆள். அதனாலதான் நமக்குச் சிரிப்பு வருது. புவன் தனியா போயிருந்தா அவனும் காமெடியன்தான். வெளியூர்ல இருக்கற நாமெல்லாம் "நமக்கெதுக்கு வம்பு, மொழி வேற தகராறு"ன்னு தனித்தனியா போய் நின்னு, தனித்தனியா நீட்டிட்டு வர்றோம். அப்புறம் அதுக்கு சாமர்த்தியம்னு பேர் வெச்சுக்கறோம்.

பையன்கிட்ட சொன்னேன்: "நான் குடுத்தது தப்புடா." அவன் ஒண்ணும் சொல்லல. கச்ரா பந்து போட்ட சீனை மட்டும் ரீவைண்ட் பண்ணிப் பாத்தான்.

எங்க பில்டிங்ல தண்ணி இணைப்புல ஒரு பழைய தகராறு. இந்தத் தடவை காகிதம் எல்லாம் எடுத்துக்கிட்டு பஞ்சாபி மாமி, பீகார்க்காரர், மாடி வீட்டு மலையாளி, நான்னு நாலு பேரா போனோம். பதினோரு பேர் தேறல. "நாளைக்கு வாங்க"ன்னாங்க. போனோம். திரும்பவும் நாளைக்குன்னாங்க. திரும்பவும் போனோம். சிக்ஸர் எல்லாம் இல்ல, ஒவ்வொரு ரன்னாத்தான் ஓடறோம். பைசா மட்டும் இதுவரைக்கும் குடுக்கல.

டிஸ்கி: லகான் மூணே முக்கால் மணி நேரம். சோறு ஆக்கி வெச்சுட்டு உக்காருங்க!