நேற்று என்ன உண்டீர்கள்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லையோர ஊர்களில் பணியாற்றும் எங்களுக்கு, மாதத்தின் முதல் வாரம் ஓய்வூதியர்களோடு கழியும் வாரம். அவர்களின் பையில் பாஸ்புத்தகத்தோடு மருந்துச் சீட்டும் இருக்கும். அவ்வாறு வந்த பெரியவர் ஒருவர் வரிசையில் நின்றபடியே வியர்த்துத் தளர்ந்து அமர்ந்துவிட்டார். சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்த பின்னரே தெளிந்தார். வெளியூரிலுள்ள மகன் கைப்பேசியில் அனுப்பிய உணவுப் பட்டியலை நம்பிச் சோற்றையும் மரச்சீனியையும் அறவே விட்டிருக்கிறார். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்திருக்கிறார். சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளை உட்கொள்வோர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவர் உணவியல் நிபுணர். மருத்துவரைப் பார்க்கத் தயங்காத நம் மக்கள், இவரைப் பார்ப்பதை வசதி படைத்தோரின் பழக்கமாகக் கருதுகின்றனர். இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நாடு முழுவதற்கும் 11.4 விழுக்காடு; கேரளத்தில் மட்டும் 25.5 விழுக்காடு. வரிசையில் நிற்கும் நால்வரில் ஒருவர் என்று கொள்ளலாம்.

நல்ல உணவியல் நிபுணர் முதலில் பட்டியல் தருவதில்லை, கேள்வி கேட்கிறார். நேற்றுக் காலை முதல் இரவு வரை என்ன உண்டீர்கள், எந்தக் கிண்ணத்தில், எத்தனை அகப்பை, தேநீருக்கு எவ்வளவு சீனி என்று விசாரிக்கிறார். எடை, உயரம், மருந்துகள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்க்கிறார். மருந்தளவு மாற வேண்டுமெனத் தோன்றினால் மருத்துவருக்கு எழுதுகிறார். கடன் கேட்டு வருபவரிடம் வரவு செலவை நாங்கள் விசாரிப்பதும் ஏறத்தாழ இவ்வாறே. ஒரு பழைய கடனை மறைத்தால் கணக்கே பொய்த்துவிடும்; மாலைநேரப் பழம்பொரியை மறைத்தாலும் அவ்விதமே.

இந்தக் கேள்விகளுக்கு எல்லையோரத்தில் தனிச்சிறப்பு உண்டு. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது ஏழை வீடுகளின் வயிற்றை நிரப்பியது இக்கிழங்குதான். அதை நஞ்சுபோல் விலக்கச் சொல்லும் தாளை எந்தப் பாட்டி மதிப்பார்? ஆயினும் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 100 கிராம் மரச்சீனியில் சுமார் 38 கிராம் மாவுச்சத்து உள்ளது. அதே எடைச் சோற்றில் சுமார் 28 கிராம்தான். புரதம் இரண்டிலும் குறைவு, கிழங்கில் இன்னும் குறைவு. எனவே கிழங்கின் அளவைச் சுருக்கிச் சாளைக் கறியைக் கூட்டினால், பழைய சுவை மாறாமலே தட்டு சீராகும். கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் இங்கு வேரூன்றியிருக்கிறது. பனையிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரையே. அக்கானியும் அப்படித்தான்.

மொழியும் ஒரு தடை. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்குச் சென்றது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியோர் இப்பக்கத்தில் இன்றும் உள்ளனர். அவர்கள் கையில் மலையாளத் தாளைக் கொடுத்துப் பயனில்லை. களியக்காவிளைக்கு அப்பால் சென்றாவது தம் மொழியில் பேசுபவரிடம் ஆலோசனை பெறுவது நல்லது. சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். பல வீடுகளில் அளவை முடிவு செய்பவர் நோயாளி அல்லர்.

கட்டணம் குறித்துத் தயங்குவோருக்கு ஒன்று கூறுவோம். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. இந்த ஆலோசனையின் செலவு நம் கையிலிருந்துதான் போகும். ஆனாலும் கண்ணுக்கோ சிறுநீரகத்துக்கோ கேடு வந்தபின், நிலையான வைப்பை முதிர்வுக்கு முன்பே உடைக்க வருவோரை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அந்தத் தொகைக்கு முன் இது சிறியது.

ஆலோசனை கூறுபவரின் தகுதியையும் கேட்டறிய வேண்டும். உணவியல், ஊட்டச்சத்துப் பட்டம் பெற்றவரா, இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வில் தேறியவரா என்று கேட்பதில் தவறில்லை. 2021இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்கள் சட்டமும் இத்துறையினரை உள்ளடக்குகிறது. முதல் சந்திப்பிலேயே மாவு டப்பாவை விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். அதிக வட்டி காட்டிய சீட்டுக் கம்பெனிகளிடம் பணம் இழந்த எல்லையோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெரியவர் இப்போது மனைவியுடன் உணவியல் நிபுணரிடம் சென்று வருகிறார். மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார். வாரம் இருமுறை மரச்சீனி உண்டு, மீன் கறியோடு, சிறு கிண்ண அளவில். அக்கானி மட்டும் இல்லை. சென்ற மாதம் ஓய்வூதியம் வாங்க வந்தவர், வீட்டுப் பனை இரண்டும் சும்மா நிற்கின்றன என்று சற்று வருத்தத்தோடு சொல்லிச் சென்றார்.