வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

விற்பவர் பெயரில் ஜமாபந்தி (நில வரிப் பதிவு) இல்லையென்றால் பத்திரத்தைப் பதிய மறுக்கலாம் என்ற பீகார் விதியை, சமியுல்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று ரத்து செய்தது. இதே போலப் பதிவை மறுக்க இடம் தந்த தமிழ்நாட்டின் 55ஏ(i) விதி கோபி வழக்கில் அதே ஆண்டு ஏப்ரலிலேயே போய்விட்டது. இரண்டும் வெளி மாநில விதிகள் என்று காரைக்காலில் பத்திரம் எழுதும் நாம் ஒதுங்க முடியாது. எல்லோருக்கும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம்தான். பாத்தியதையை விசாரிக்கும் அதிகாரத்தை விதி போட்டுச் சார்பதிவாளருக்குக் கொடுக்க முடியாது என்பது சரியான சட்டம். இந்த இதழ் அதை ஆதரிக்கிறது.

ஆனால் தாய்ப்பத்திரம் பார்க்கும் பாரம் இனி முழுக்க நம் தலையில். பிரெஞ்சில் எழுதிய நொத்தேர் (நோட்டரி) பத்திரம் வரை பின்னோக்கிப் போக வேண்டிய ஊர் இது. கோவில்பத்து பார்வதீசுவரர் கோயில் நிலம் போலி ஆவணங்களால் மனைகளாக விற்கப்பட்டதாக 2024இல் வந்த வழக்கும் நினைவில் இருக்கட்டும்.

இத்துடன் வரி நிலுவையும் சேர்கிறது. கிரயத் தேதி வரையிலான வரி விற்பவர் பொறுப்பு என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் 55(1)(ஜி). பின்னிட்டு வில்லங்கம் ஏற்பட்டால் என் சொந்தப் பொறுப்பில் தீர்த்துத் தருவேன் என்று நாமும் தவறாமல் எழுதுகிறோம். எழுதிக் கொடுத்தவர் பாரிசுக்குப் போய்விட்டால் யாரிடம் தீர்ப்பது? வாங்கியவர் பெயர் மாற்ற மனுவோடு போகிறார். வரிக் கேட்புப் பதிவேட்டில் விற்றவரின் தாத்தா பெயர், பல வருட நிலுவை. கட்டினால்தான் மனு நகரும் என்கிறார்கள். நிலுவையை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடம், சட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லாதவரை, வரிப் பொறுப்பை ஏற்ற முடியாது என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 1971லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரி வசூல் மேசையில் அதை யார் கேட்கிறார்கள்? விசாரிக்கத் தவறினாலே அறிந்ததாகக் கொள்ளப்படும் ஆபத்தும் இருக்கிறது.

பதிவாகாத வரிப் பொறுப்பு வில்லங்கச் சான்றில் ஏறாது. கட்டணம் வாங்கிக்கொண்டு அரசு தரும் சான்று, அரசுக்குச் சேர வேண்டிய பாக்கியையே சொல்வதில்லை. புதுச்சேரி அரசின் நிலமகள் தளத்தில் சர்வே எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வருகிறது. வரி விதிப்பு எண்ணையும் அதனோடு இணைக்க எந்தத் தீர்ப்பு தடை? பதிவும், நில அளவையும், உள்ளாட்சியும் ஒரே அரசின் மூன்று துறைகள். ஒன்று மற்றொன்றைப் பார்ப்பதில்லை, தண்டம் கட்டுவது மட்டும் வாங்கியவர். முறையிட ஒரு கவுன்சிலராவது உண்டா? 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலோடு சரி. அதில் தேர்வான மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது.

துறைகள் இணையும் வரை வாசகர்களிடம் கேட்பது இது: வரி விதிப்பு எண்ணைச் சொத்து விவரத்தில் எழுதுங்கள். நிலுவை இல்லை என்ற சான்று வரும்வரை கிரயத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால், அந்தப் பத்திரத்தை எழுதாதீர்கள்.