கிடை போடும் முன் ஒரு கேள்வி

ஆவடி, பூவிருந்தவல்லி பக்கம் மனைக்கல் நடாத நிலத்தில் இன்னும் பயிர் வைக்கிற நமக்கெல்லாம் ஆட்டுக்கிடை பெரிய வரம். அறுப்பு முடிந்ததும் சென்னை சிவப்புச் செம்மறி மந்தை ரெண்டு ராத்திரி படுத்தால் புழுக்கையும் மூத்திரமும் வண்டிக்கூலி இல்லாமல் நிலத்தில் சேர்ந்துவிடும். எத்தனை உருப்படி, என்ன கூலி என்று கிடைக்காரரிடம் கேட்கிறோம். "கடைசியா குடற்புழு மருந்து எப்ப குடுத்தீங்க, என்ன மருந்து?"ன்னு யாராவது கேட்கிறோமா? கேட்டே ஆக வேண்டும் என்பேன்.

உள்ளே போன மருந்து அப்படியே மறைந்துவிடாது. அல்பெண்டசோலை வாயில் ஊற்றினால் பெருவயிற்றில் தங்கி, மெல்ல ரத்தத்தில் ஏறும். ஈரல் அதை வேறு வடிவத்துக்கு மாற்றும். சில நாளில் வெளியேறிவிடும். லெவமிசோல் இன்னும் வேகம், பெரும்பாலும் மூத்திரத்தோடு போய்விடும். ஐவர்மெக்டின் கதை வேறு. கொழுப்பில் போய்ப் படியும். பிறகு பித்தநீர் வழியாகக் குடலுக்கு வந்து, பெரும்பகுதி வீரியம் குறையாமல் புழுக்கையில்தான் இறங்கும். அந்தப் புழுக்கையில் சாணிவண்டு முட்டையிட்டால் குஞ்சுப்புழு பிழைப்பது கஷ்டம். எருவை மண்ணுக்குள் இழுத்துப்போகிற கூலியில்லாத ஆளே அந்த வண்டுதான்.

"அது ஜப்பான் மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது, 2015ல் நோபல் பரிசு வாங்கியது, இயற்கைதானே" என்பார்கள். ஊமத்தங்காயும் இயற்கைதான்!

ஆட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் ஈரத்தரையில் மேய்ந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு ஏறி, தாடை வீங்கி, ஆடு செத்துப்போகும். மருந்து வேண்டியதுதான். கோடெக்ஸின் இயற்கை வேளாண்மை வழிகாட்டுதலும் நோயுற்ற ஆட்டுக்கு மருந்தைத் தடுக்கவில்லை. காத்திருப்பு நாளை இரட்டிப்பாக்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு கறிக்கும் பாலுக்கும்தான். நம்ம நிலத்துக்கு வருவது புழுக்கை ஆயிற்றே, அதற்கு யார் நாள் குறிப்பது?

நாமே குறிப்போம். ஐவர்மெக்டின் என்றால் கிடையை மூணு நாலு வாரம் தள்ளிப்போடச் சொல்கிறேன். மந்தைக்கே கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றாமல், கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைச் சோதித்து, தேவைப்பட்ட ஆட்டுக்கு மட்டும், எடை பார்த்துக் கொடுக்கச் சொல்கிறேன். மருந்துச் செலவும் குறையும். தள்ளிப்போகிற நாளுக்கு அவர் பிழைப்பு கெடக் கூடாதே, அதனால் கிடைக்கூலியில் பாதியை முன்பணமாகவே கொடுத்துவிடுகிறேன்.