உயரம் வேண்டாம், நீளம் போதும்

வில்லிவாக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே கொளத்தூர், வண்ணமீன் வியாபாரத்துக்குப் பெயர்போன இடம். அதனால் மீன் தொட்டிக்குக் கண்ணாடி கேட்டு வருபவர்கள் அதிகம். “வெட்டி மட்டும் குடுங்கண்ணே, வீட்ல நாங்களே ஒட்டிக்கிறோம்” என்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் கொண்டுவரும் அளவுச் சீட்டைப் பார்த்தால் பயம் வருகிறது. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்றடி உயரம்!

தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு ஏறும். ஆறடித் தொட்டியில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் முன்பக்கக் கண்ணாடியை ஏறத்தாழ 340 கிலோ விசையோடு தள்ளும். மூன்றடியாக்கினால் அதுவே 765 கிலோ. ஓரடி கூட்டியதற்கு இரண்டேகால் மடங்கு. இரவு பகலாக அதைப் பிடித்து நிறுத்துவது நீங்கள் போட்ட சிலிகான் கோடுதான்.

இவ்வளவு ஆபத்தில் மீனுக்கு என்ன லாபம்? தண்ணீரில் ஆக்சிஜன் கலப்பது மேற்பரப்பு வழியாக. உயரத்தைக் கூட்டினால் மேற்பரப்பு ஓர் அங்குலம்கூடக் கூடாது. நாம் வளர்க்கும் மீன்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் நீந்துபவை. அவை திரும்ப அகலம் வேண்டும். போதாததற்கு, மூன்றடித் தொட்டியில் அடிமணலைச் சுத்தம் செய்யக் கை எட்டாது.

என் யோசனை ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு. 12 எம்.எம். கண்ணாடி, மேல் விளிம்பில் நீளவாக்கில் பட்டை, நடுவில் ஒரு குறுக்குப் பட்டை. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் மீனுக்கு விஷம், அதைத் தொடாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரணக் கண்ணாடி சிலிகான் போதும். ஒட்டும் இடத்தை அசிட்டோன் போட்டுத் துடையுங்கள். ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டு, மொட்டை மாடியிலோ வாசலிலோ நிரப்பிக் கசிவு பாருங்கள். அடியில் தெர்மாகோல் இல்லாமல் வைக்காதீர்கள். ஸ்டாண்டில் சின்ன மேடு இருந்தாலும் அடிக்கண்ணாடி விரிசல் விடும்.

எடையைப் பலர் யோசிப்பதே இல்லை. இந்த அளவில் 680 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். தரைத்தளம் உத்தமம். மாடியென்றால் அறை நடுவில் வைக்கவே கூடாது. பீம் எங்கே ஓடுகிறது என்று பொறியாளரிடம் கேட்டு, சுவரோரமாக வையுங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு என்றால், மீனுக்காக. கிண்ணத்தில் விடும் கோல்ட்ஃபிஷ் முறையாக வளர்த்தால் ஓரடியை நெருங்கும், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். ரோம் நகரம் 2005லேயே உருண்டைக் கிண்ணத்தைத் தடை செய்துவிட்டது. இங்கே இன்னும் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறோம். வாஸ்து மீன் என்று விரலளவில் வாங்கும் அரோவானா மூன்றடி வரை வளரும். அதற்கு நான் சொன்ன தொட்டிகூடப் போதாது. இடம் பற்றாமல் ‘டேங்க் கிளீனர்’ மீனை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அது அங்கே பெருகி நம் நாட்டு மீன்களை நெருக்குகிறது.

தொட்டி தயாரானதும் மீன் வாங்க ஓடாதீர்கள். கழிவில் வரும் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுங்கள். கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே, வளர்க்கப்போகும் மீன் எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அளவுச் சீட்டை எழுதுங்கள்.