தோல் துறைத் திட்டத்தில் பயிற்சிக்கு மீண்டும் நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலணி மற்றும் தோல் துறைக்கு மத்திய அரசு அடுத்தடுத்து அறிவித்த இரண்டு திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத் தொழிலாளர்களுக்கு நேர்ந்திருக்கும் இழப்பு தெரியும். 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற முதல் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கென 2,600 கோடி ரூபாய் குறிக்கப்பட்டது. அதில் 696 கோடி, அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல், மனிதவள மேம்பாட்டுக்குரியது. வேலையில்லாத 4.32 லட்சம் பேருக்குத் தலைக்கு 15,000 ரூபாய் செலவில் பயிற்சி, ஏற்கெனவே வேலையில் இருக்கும் 75,000 பேருக்குத் தலைக்கு 5,000 ரூபாயில் கூடுதல் பயிற்சி, கற்றுக்கொடுப்பதற்கென்றே 150 தலைமைப் பயிற்றுநர்கள் என்று இலக்கு வைத்தார்கள். பயிற்சி முடித்தவர்களில் 75 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித் தந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இதன் தொடர்ச்சியாக 2026 மார்ச் 31 வரைக்கும் 1,700 கோடி ரூபாயில் வந்த அடுத்த திட்டம் 2022 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. சுற்றுச்சூழல் தொழில்நுட்பத்துக்கு 500 கோடி, தொழிற்சாலைகளை நவீனப்படுத்த 500 கோடி, தொழில் பூங்காக்களுக்கு 300 கோடி, கல்வி நிறுவனக் கட்டமைப்புக்கு 200 கோடி, இந்திய பிராண்டுகளை வளர்க்க 100 கோடி, வடிவமைப்புக் கூடங்களுக்கு 100 கோடி. கூட்டிப் பாருங்கள், 1,700 கோடியும் முடிந்துவிடும். மனிதவளம் என்ற இனமே அதில் இல்லை.

தொகை குறைந்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. எதை வெட்டினார்கள் என்பதுதான் வருத்தம். எந்திரம் வாங்கும் முதலாளிக்கு மானியம் நீடித்தது. அந்த எந்திரத்தின் முன் உட்காரப்போகும் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் பணம் நின்றிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள் என்பது இப்பகுதியில் எல்லோரும் அறிந்தது. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களுக்கு, விவசாயக் கூலி வேலைக்கு அடுத்தபடி கண்ணுக்குத் தெரியும் வேலை அதுதான். பிராண்டு வளர்ப்புக்கு வைத்த 100 கோடியை அரசே முன்பு போட்ட கணக்கின்படி பயிற்சிக்குச் செலவிட்டிருந்தால், 66,000 பேருக்கு மேல் தொழில் கற்றிருப்பார்கள்.

கல்வி நிறுவனங்களுக்கு 200 கோடி இருக்கிறதே என்று கேட்கலாம். அது காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகங்களுக்கானது. நமக்கு அருகில் இருப்பது இருங்காட்டுக்கோட்டை வளாகம். நுழைவுத் தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேர வேண்டிய இடம். அங்கே உருவாகும் வடிவமைப்பாளர்கள் தேவைதான். ஆனால் தோலை வெட்டி, ஓரம் சீவி, மடித்து, ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் வேலையைக் கற்க வருகிறவர்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. கிண்டியில் 1957 முதல் இயங்கிவரும் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் நல்ல நிறுவனம். ஆனால் அணைக்கட்டிலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில் இல்லை. மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் பெரும்பாலும் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்கே போய்ச் சேருகிறது. கல்லூரி வாசலே மிதிக்காத இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது எளிதில் எட்டுவதில்லை.

திறன் பயிற்சிக்கென்று தனி அமைச்சகமும் பிரதமர் பெயரில் ஒரு பெரிய திட்டமும் இருக்கும்போது, தோல் துறைக்கு மட்டும் தனியாக எதற்கு என்பது வலுவான கேள்வி. ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பணம் ஒதுக்குவது வீண் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. அந்தப் பொதுத் திட்டத்தைப் பற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்கே வேலை கிடைத்ததாகச் சொல்கிறது. பயனாளிகளில் மிகப் பெரும்பாலோரின் வங்கிக் கணக்கு விவரம்கூட முறையாகப் பதிவாகவில்லை என்கிறது. தோல் துறையின் பழைய திட்டத்தில் 75 சதவீத வேலைவாய்ப்பு நிபந்தனை சும்மா வைக்கப்பட்டதல்ல. ஆள் தேவைப்படும் தொழிற்சாலையும் பயிற்சிக் கூடமும் அடுத்தடுத்து இருந்தால்தான் அது நடக்கும். பழைய திட்டத்திலும் கணக்குக் காட்டப் பயிற்சி நடந்திருக்கலாமே என்றால், கண்காணிப்பை இறுக்க வேண்டும். திட்டத்தையே எடுத்துவிடுவது அதற்குத் தீர்வல்ல.

லாபம் கம்பெனிக்கு, பயிற்சிச் செலவு அரசுக்கா என்று கேட்பவர்களும் உண்டு. கம்பெனி பயிற்சி தருகிறது. ஆனால் தன் வரிசையில் காலியாக இருக்கும் ஓர் இடத்துக்கு மட்டுமே தருகிறது. ஒரே ஒரு தையலை நாளெல்லாம் போடக் கற்றவர், பத்து ஆண்டு கழித்தும் அந்தத் தையலோடுதான் நிற்கிறார். அந்த அனுபவத்துக்குச் சான்றிதழ் இல்லாததால், அடுத்த கம்பெனியில் மறுபடியும் ஹெல்பர் கூலியிலிருந்து தொடங்க நேர்கிறது. சிறு முதலாளிகளுக்கோ, கற்றுக்கொடுத்த ஆளைப் பெரிய கம்பெனி கொண்டுபோய்விடும் என்ற பயம். எல்லோருக்கும் பயன்படும், ஆனால் எவரும் தனியாகச் செலவிடத் தயங்கும் இத்தகைய இடத்தில்தான் பொதுப்பணம் வர வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர் ஏற்றுமதியாளர்கள் பதறினார்கள். ஆர்டர் குறையும் காலத்தில் முதலில் வெளியே நிற்பவர் ஒற்றை வேலை மட்டும் தெரிந்தவர். வெட்டுதல், தைத்தல், அச்சில் ஏற்றுதல், தரம் பார்த்தல் என்று நாலும் தெரிந்தவருக்கு வேறு இடம் கிடைக்கும்.

பாலாற்றைக் கெடுத்த தொழிலுக்கு எதற்குப் பொதுப்பணம் என்ற கோபத்தில் நியாயம் உண்டு. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டிலும், மறுபடியும் 2025 ஜனவரியிலும் இந்த மாசைப் பற்றித் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததை யாரும் மறக்க முடியாது. இவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. சுத்திகரிப்புக்கு ஒதுக்கிய 500 கோடியில் தொட்டியும் குழாயும் கட்டலாம். அவற்றைப் பாதுகாப்பாக இயக்கத் தெரிந்த ஆட்களை அந்தப் பணம் தானாக உண்டாக்காது. பனப்பாக்கம், செய்யாறு போன்ற இடங்களில் தோலில்லாத காலணித் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருக்கின்றன. டேனரிகள் குறைந்தாலும் தைக்கத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இருக்கும்.

மத்திய அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் காலணி, தோல் துறைக்கு ஒரு சிறப்புத் திட்டம் அறிவித்து, 22 லட்சம் பேருக்கு வேலை என்றது. அந்தத் திட்டத்திலாவது, இனி வரும் எந்தத் தொடர்ச்சியிலாவது, பயிற்சிக்கு வேறு இனத்துக்குத் திருப்ப முடியாத தனி நிதி வேண்டும். பயிற்சிக் கூடம் அணைக்கட்டு, பேரணாம்பட்டு, மாதனூர் போன்ற ஊர்களிலேயே அமைய வேண்டும். பயிற்சி நாள்களுக்கு உதவித்தொகையும் வேண்டும். மூன்று மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு பாராமல் இதை வணிக அமைச்சகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.